மொஹமடன் 20, அபஹானி 17: டாக்காவின் பெரிய கால்பந்து கிளப் எது? (நான்கு ரசிகர்களின் விவாதம்)

நொய்யல்

டாக்கா பக்கத்துக் காஜிப்பூரில் ஒரு பனியன் ஆலையில் ஒன்பது வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஊர் திருப்பூர். இங்கே வந்த முதல் வாரமே பக்கத்து மேசைக்காரர் என்னிடம் கேட்ட கேள்வி, "தாதா (அண்ணா), நீங்கள் அபஹானியா, மொஹமடனா?" எனக்கு இரண்டுமே தெரியாது. அவர் அபஹானி, அதனால் நானும் அபஹானி ஆனேன். இப்போது அது ரத்தத்தில் ஊறிவிட்டது.

2025 மே மாதம் மொஹமடன் ஸ்போர்ட்டிங் கிளப் வங்கதேச பிரீமியர் லீக்கை வென்றது. 2002க்குப் பிறகு அவர்களுக்கு முதல் லீக் பட்டம். 23 வருடம் காத்திருந்திருக்கிறார்கள், கொண்டாடட்டும். ஆனால் கொண்டாட்டத்தோடு கூடவே ஒரு கணக்கும் வந்து சேர்ந்திருக்கிறது: பழைய டாக்கா நகர லீக் 19, பிரீமியர் லீக் 1, மொத்தம் 20. அபஹானிக்கு டாக்கா லீக் 11, பிரீமியர் லீக் 6, மொத்தம் 17. ஆகவே நாட்டின் பெரிய கிளப் மொஹமடன்தானாம்.

அந்த 19ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். 1957, 1959, 1961, 1963, 1965, 1966, 1969. இந்த ஏழும் கிழக்குப் பாகிஸ்தான் காலத்துப் பட்டங்கள். அப்போது அபஹானி பிறக்கவே இல்லை. வங்கதேசம் என்ற நாடு உண்டான பிறகு எண்ணினால் மொஹமடனுக்கு 13, அபஹானிக்கு 17. ஓட்டப் பந்தயத்தில் ஒருவர் பிறப்பதற்கு முன்பே இன்னொருவர் ஓடிய தூரத்தையும் சேர்த்தா கணக்குப் போடுவது?

அபஹானி 1972இல் தொடங்கியது. தொடங்கியவர் ஷேக் கமால், முஜிபுர் ரஹ்மானின் மகன். அப்போது அவருக்கு 22, 23 வயதுதான் இருக்கும். டாக்காவின் தன்மண்டிப் பகுதிப் பையன்கள் சேர்ந்து கட்டிய கிளப் இரண்டே வருடத்தில், 1974இல், லீக்கை வென்றது. பில் ஹார்ட் என்ற வெளிநாட்டுப் பயிற்சியாளரைக் கொண்டு வந்தார்கள். பந்தைத் தூக்கி அடித்துவிட்டுப் பின்னால் ஓடுவது வழக்கமாக இருந்த ஊரில், தரையோடு தரையாகச் சின்னச் சின்னப் பாஸ்களாகக் கொடுத்து ஆடினார்கள். அதைப் பார்த்த பெரியவர்கள் இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். 1977இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் சாம்பியன். 1983, 84, 85 மூன்று வருடமும் சாம்பியன். 2007இல் தொழில்முறை லீக் தொடங்கியபோது முதல் மூன்று பட்டமும் அபஹானிக்கே. அந்த மூன்றிலும் இரண்டாம் இடம் யார் என்று மொஹமடன் நண்பர்கள் சொல்லட்டும்.

லேக் மார்க்கெட்

நாங்கள்தான் இரண்டாம் இடம். மறைக்க ஒன்றுமில்லை.

நான் கல்கத்தாவில் வளர்ந்த தமிழன். அப்பா ரயில்வேயில் இருந்தார். மைதான் பக்கம் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவார். அதனால் இந்தக் கதையை நான் 1972இல் தொடங்க முடியாது. 1934 முதல் 1938 வரை ஐந்து வருடம் தொடர்ந்து கல்கத்தா லீக்கை வென்றது அங்கிருந்த மொஹமடன் ஸ்போர்ட்டிங். வெள்ளைக்காரப் பட்டாளத்து அணிகளை நம்மவர்கள் தோற்கடித்த காலம் அது. அந்த அலை கிழக்கே போய் அடித்தபோதுதான், 1936இல், டாக்கா மொஹமடன் உருவானது. பெயரும் கறுப்பு வெள்ளைச் சட்டையும் அங்கிருந்து வந்தவை.

நொய்யல் தம்பி, "கிழக்குப் பாகிஸ்தான் காலத்துப் பட்டம்" என்று தள்ளிவிடுகிறீர்கள். ஆடியது யார்? பார்த்தது யார்? டாக்கா மக்கள்தானே? 1953 முதல் 1956 வரை டாக்கா வாண்டரர்ஸ் கிளப் தொடர்ந்து நான்கு முறை லீக்கை வென்றது. அந்தப் பிடியை 1957இல் உடைத்தது மொஹமடன். அதை எண்ண மாட்டேன் என்றால் நகரத்தின் ஞாபகத்தில் பாதியை வெட்டிப் போடுகிறீர்கள்.

இன்னொன்று. 1971இல் சுதந்திர வங்கக் கால்பந்து அணி என்று ஒன்று உருவானது உங்களுக்குத் தெரியும். விடுதலைப் போருக்குப் பணம் திரட்ட இந்தியா முழுக்க ஆடினார்கள். முதல் ஆட்டம் ஜூலை 25, எங்கள் பக்கம் நதியா மாவட்டத்துக் கிருஷ்ணநகரில். இந்தியா இன்னும் வங்கதேசத்தை அங்கீகரிக்காத நேரம். அந்த மைதானத்தில் புதிய நாட்டின் கொடியோடு நின்ற கேப்டன் ஜக்காரியா பிண்டு. அவர் எந்தக் கிளப்? மொஹமடன். பிற்பாடு அபஹானியின் முகமாக ஆன காஜி சலாஹுதீனும் அந்த அணியில் இருந்தார். போருக்கு முன் அவர் எங்கே ஆடிக்கொண்டிருந்தார்? அதுவும் மொஹமடனில்தான். 71க்கு முந்தைய டாக்கா கால்பந்தைக் கணக்கில் இருந்து எடுத்துவிட்டால், கொடி பிடித்த இந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று சொல்வீர்கள்?

20தான் சரியான எண்.

மரீனா ஸ்டாண்ட்

இரண்டு பேருமே பழைய கணக்கில் இருக்கிறீர்கள். டாக்கா லீக் என்பது ஒரு நகரத்து லீக். நாடு முழுக்கத் தொழில்முறையாக நடப்பது 2007இல் இருந்துதான். 2025 வரை அதை மட்டும் எடுங்கள்: அபஹானி 6, பசுந்தரா கிங்ஸ் 5, ஷேக் ஜமால் 3, ஷேக் ரஸல் 1, மொஹமடன் 1. இதில் கிங்ஸின் ஐந்தும் எப்படி வந்தவை? 2013இல் தொடங்கிய கிளப். 2017இல் இரண்டாம் நிலை லீக்கை வென்று மேலே வந்தது. 2018-19இல் முதல் சீசனிலேயே சாம்பியன். 2019-20 சீசன் கொரோனாவால் பாதியில் கைவிடப்பட்டது. அதற்கப்புறம் 2023-24 வரை ஒரு சீசனைக்கூட விடவில்லை. தொடர்ந்து ஐந்து. லேக் மார்க்கெட் ஐயா சொன்ன அந்த 1934-38 கல்கத்தா சாதனை மாதிரியே!

சும்மா உள்ளூர் பலமும் இல்லை. 2018 உலகக் கோப்பையில் கோஸ்டா ரிக்காவுக்காக ஆடிய டேனியல் கோலிந்த்ரேஸை அதே வருடம் டாக்காவுக்குக் கொண்டு வந்தார்கள். அர்ஜென்டினா தேசிய அணிக்கு ஆடிய எர்னான் பார்கோஸ், 2020இல், ஆசியக் கிளப்புகள் மோதும் ஏஎஃப்சி கோப்பையில் கிங்ஸுக்கு ஆடிய முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவு டி.சி. ஸ்போர்ட்ஸுக்கு எதிராக நான்கு கோல் போட்டார். சொந்தமாக மைதானம் கட்டினார்கள். வங்கதேசத்தில் வேறு எந்தக் கிளப்புக்கும் அப்படி ஒன்று இல்லை. 2023இல் அதே மைதானத்தில் கொல்கத்தாவின் மோகன் பகானை 2-1 என்று வீழ்த்தினார்கள். அபஹானியும் மொஹமடனும் இத்தனை வருடம் இருந்து சொந்தமாக ஒரு மைதானம் கட்டினார்களா?

நொய்யல்

மரீனா தம்பி, உங்கள் கையில் இருக்கும் பட்டியலிலேயே அபஹானிதான் முதலிடம், அதை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

கிங்ஸைக் குறைத்துப் பேச மாட்டேன். மைதானம் கட்டியது பெரிய காரியம். நான் போயிருக்கிறேன், புல்தரை அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆனால் ஆசிய அளவைப் பற்றிப் பேசத் தொடங்கினீர்கள் என்றால், நீங்கள் ஒரு சென்னையின் எஃப்சி ரசிகர் என்பதால், 2019 உங்களுக்கு மறந்திருக்காதே?

மரீனா ஸ்டாண்ட்

அதை எப்படி மறப்பது அண்ணா. அந்த வருடம் நான் கல்லூரியில் இருந்தேன். கோபத்தில் நாலு நாள் யாரிடமும் பேசவில்லை.

தெரியாதவர்களுக்காக நானே சொல்லிவிடுகிறேன். 2019 ஏஎஃப்சி கோப்பை. ஒரே பிரிவில் சென்னையின், மினர்வா பஞ்சாப், நேபாளத்தின் மனாங் மர்ஸ்யாங்தி, டாக்கா அபஹானி. சென்னையின் எஃப்சி தங்கள் சொந்த ஆட்டங்களைச் சென்னையில் ஆடவில்லை, அகமதாபாத்தில் ஆடினார்கள். அங்கே அபஹானியை 1-0 என்று வென்றோம். அப்புறம் மே மாதம் டாக்காவில். முதல் கோல் எங்களுடையது. இடைவேளைக்குப் பிறகு அவர்கள் இரண்டு போட்டார்கள், நாங்கள் 2-2 ஆக்கினோம். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கையில் மாமூனுல் இஸ்லாம் ஒன்று அடித்தார். 3-2.

அதைவிடக் கடைசி நாள் கொடுமை. நாங்கள் மனாங்கை 3-2 என்று வென்று 11 புள்ளிக்கு வந்துவிட்டோம். அதே நேரத்தில் குவஹாட்டியில் அபஹானி - மினர்வா 0-0. அது அப்படியே முடிந்திருந்தால் இரண்டு அணிக்கும் 11 புள்ளி. எங்களுக்குள் நடந்த இரண்டு ஆட்டத்தையும் கூட்டினால் 3-3. எதிரணி ஊரில் அதிகக் கோல் போட்டவருக்கே முன்னுரிமை என்பதால், டாக்காவில் நாங்கள் போட்ட அந்த இரண்டு கோலின் பலத்தில் சென்னையின் மேலே போயிருக்கும். 90 நிமிடம் தாண்டிக் கொடுத்த கூடுதல் நிமிடங்களில் அபஹானியின் மசிஹ் சைகானி அடித்தார். ஆப்கானிஸ்தான்காரர், தடுப்பாட்டக்காரர் வேறு. 1-0. அபஹானிக்கு 13 புள்ளி, எங்கள் கதை முடிந்தது.

அதே சைகானி அடுத்த சீசன் சென்னையின் சட்டையில் வந்து நின்றார். கைதட்டினேன், ஆனால் மனசு ஆற நேரம் பிடித்தது.

நொய்யல்

நன்றி தம்பி, தோற்றவர் வாயால் இதைக் கேட்பதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

மீதியை நான் சொல்கிறேன். ஏஎஃப்சி கோப்பையில் பிரிவுச் சுற்றைத் தாண்டிய முதல் வங்கதேசக் கிளப் அதுதான். அடுத்து வந்தது வட கொரியாவின் ஏப்ரல் 25 அணி. ஆகஸ்ட் 21, டாக்கா தேசிய மைதானம். மழைக்கால ஈரம், வேலை நாள். ஆலையில் இருந்து எட்டுப் பேர் ஒரே வேனில் போனோம். 4-3! சோஹேல் ராணா தூரத்தில் இருந்து அடித்த அந்தக் கோல், ஜீபோன் ஒன்று, சண்டே சிஸோபா இரண்டு. ஒவ்வொரு முறை நாங்கள் முன்னேறும்போதும் அவர்கள் துரத்தி வந்தார்கள். ஆட்டம் முடிந்தபோது எனக்குக் குரலே இல்லை. ஒரு வாரம் கழித்துப் பியோங்யாங்கில் 0-2 என்று தோற்று, மொத்தம் 4-5 என்று வெளியேறினோம். ஒரே ஒரு கோல்.

இப்போது சொல்லுங்கள். கிங்ஸ் ஐந்து பட்டம் வென்றது, பார்கோஸ் வந்தார், மோகன் பகானை வென்றது, எல்லாம் சரி. ஏஎஃப்சி கோப்பையில் பிரிவுச் சுற்றை ஒரு முறையாவது தாண்டினார்களா? 2021இல் மாலத்தீவில் இல்லை, 2022இல் கொல்கத்தாவில் இல்லை, 2023இல் ஒடிசா முந்திக்கொண்டது. அபஹானி தாண்டியது, பெரிய பணம் இல்லாமல், போர்ச்சுகல் நாட்டு இளம் பயிற்சியாளர் மாரியோ லேமோஸோடு.

லேக் மார்க்கெட்

ஆசியா என்றால் 1988ஐயும் பேசுங்கள். ஏஎஃப்சி கோப்பை இரண்டாம் நிலைப் போட்டி. நான் சொல்வது ஆசிய கிளப் சாம்பியன்ஷிப், அன்றைக்கு அதுதான் உச்சி. ஈரானின் பெர்செபோலிஸை மொஹமடன் 2-1 என்று வென்றது. தெஹ்ரானின் பெர்செபோலிஸ்! மொஹமடனின் பயிற்சியாளராக இருந்தவர் நாசர் ஹெஜாஸி. 1978 உலகக் கோப்பையில் ஈரானின் கோல்கீப்பர், தெஹ்ரானில் பெர்செபோலிஸின் பரம எதிரியான எஸ்தெக்லாலின் நாயகன். அவர் ஒரு டாக்கா அணியை வைத்துத் தன் பழைய எதிரியைத் தோற்கடித்தார். இதைவிடப் பெரிய ஆசிய வெற்றி எந்த வங்கதேசக் கிளப்புக்கு இருக்கிறது?

அந்தக் காலத்து டாக்காவை இளையவர்கள் நினைத்துப் பார்ப்பது கஷ்டம். 1986 உலகக் கோப்பையில் இராக்குக்கு ஆடிய சமீர் ஷாகர் அடுத்த வருடம் அபஹானிக்கு ஆடினார். மொஹமடனுக்கு ஆடிய எமேகா பின்னால் 1994 உலகக் கோப்பையில் நைஜீரியா அணியில் இருந்தார். லீக் நடக்கும் மாதங்களில் மாடிக்கு மாடி ஒன்று நீலக் கொடி, இல்லை கறுப்பு வெள்ளைக் கொடி.

உரும்பிராய்

அண்ணைமார் எல்லாருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாணம், டாக்காவில் ஆடைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் ஆறு வருசம் இருந்தனான். எங்கட ஊரில் உதைபந்தாட்டம் எண்டால் சாப்பாடு தண்ணி தேவையில்லை. அதனால் அங்கேயும் ஆட்டம் பார்க்கத் தவறவில்லை.

ஆனால் ஒருவரும் பேசாத ஒன்றைப் பேச வேண்டியிருக்கு. அபஹானி நாட்டின் முதல் குடும்பத்தில் பிறந்த கழகம். 2024 வரைக்கும் பதினைந்து வருசமும் முஜிபின் மகள் ஷேக் ஹசீனாவின் ஆட்சிக்கு நெருக்கமான ஆட்கள்தான் நிர்வாகத்தில் இருந்தவை. ஷேக் ஜமால், ஷேக் ரஸல் என்று அதே குடும்பத்துப் பெயரில் இன்னும் இரண்டு கழகங்கள். மரீனா தம்பி போட்ட பட்டியலைத் திரும்பப் பாருங்கோ. 2009இல் இருந்து 2018 வரைக்கும் பட்டம் வென்ற எல்லாக் கழகமும் இந்த மூன்றுக்குள்ளதான். ஆட்சி மாறின உடனே ஷேக் ஜமாலும் ஷேக் ரஸலும் 2024-25 லீக்கில் இருந்தே விலகிவிட்டுது. பணமும் செல்வாக்கும் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் வெறும் 17, 20 என்று எண்ணுவதில் என்ன நியாயம்?

மொஹமடன் பக்கமும் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் டாக்காக் கழகங்களில் பொலிஸ் தேடுதல் நடத்தினபோது சூதாட்ட மேசைகள் பிடிபட்ட இடங்களில் மொஹமடனும் ஒன்று. எண்பத்து மூன்று வருசக் கழகம். அதன் மண்டபத்தில் ரூலெட் சக்கரம். அன்றைக்கு என்னோடு வேலை செய்த ஒரு வயசான மொஹமடன் ரசிகர் சாப்பிடவேயில்லை.

நொய்யல்

உரும்பிராய் சகோதரா, நீங்கள் சொன்ன நெருக்கம் உண்மை. நிர்வாகத்தில் இருந்தவர்கள் யார் என்று ஊருக்கே தெரியும். அதை நான் மறுக்கப் போவதில்லை.

ஆனால் அந்தப் பிறப்புக்கு அபஹானி கொடுத்த விலையையும் சேர்த்து எழுதுங்கள். கிளப்பைத் தொடங்கி மூன்று வருடம்தான். 1975 ஆகஸ்ட் 15 அன்று ஷேக் கமால் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். வேறு கிளப் என்றால் அத்தோடு கலைந்திருக்கும். அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லவே பயந்த காலம். இரண்டு வருடம் கழித்து, அதே கிளப் தோல்வியே இல்லாமல் லீக்கை வென்றது. அந்த 1977 பட்டத்தை எந்த ஆட்சியின் செல்வாக்கு வாங்கிக் கொடுத்தது?

1982 செப்டம்பர் 21. அபஹானி - மொஹமடன் ஆட்டம். ஒரு பந்து கோல் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று தகராறு, மைதானத்தில் கைகலப்பு. நடந்தது எர்ஷாத்தின் ராணுவ ஆட்சி. காஜி சலாஹுதீன், சுன்னு, ஹெலால், அன்வர் என்று அபஹானியின் நான்கு வீரர்களைப் பிடித்து, ராணுவச் சட்டத்தின் கீழ் தண்டித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். கால்பந்து ஆடியதற்குச் சிறை! டாக்காவில் அதைக் கறுப்பு செப்டம்பர் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். அடுத்த மூன்று வருடமும், அதே ராணுவ ஆட்சியில், சாம்பியன் அபஹானி.

அப்புறம் 2024 ஆகஸ்ட் 5. ஆட்சி கவிழ்ந்த அன்று தன்மண்டிக் கிளப்புக்குள் கூட்டம் புகுந்தது. உடைத்தார்கள். கோப்பைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றைய தேதி என்ன தெரியுமா? ஷேக் கமாலின் பிறந்தநாள். உயிரோடு இருந்திருந்தால் 75 வயது முடிந்திருக்கும். ஐம்பது வருடத்துக் கோப்பைகள், அவற்றை வென்றவர்களில் பலர் இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறார்கள். என் பக்கத்து மேசைக்காரர் மறுநாள் வேலைக்கு வந்து மேசையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். நீங்கள் சொன்ன அந்த வயசான மொஹமடன் ரசிகருக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்?

சொல்ல விட்டுப்போனது: அந்த சீசனின் முதல் பாதியை வெளிநாட்டு வீரர் ஒருவர்கூட இல்லாமல் ஆடினார்கள். இரண்டாம் பாதிக்குத்தான் ரஃபேல் அகஸ்டோ வந்தார். மரீனா தம்பிக்கு நன்றாகத் தெரிந்தவர், 2018 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) இறுதியில் சென்னையினுக்காகக் கோல் போட்டவர். ஷேக் ஜமாலும் ஷேக் ரஸலும் விலகின அதே லீக்கில், கோப்பைகளைப் பறிகொடுத்த அபஹானி இரண்டாம் இடத்தில் முடித்தது. ஆட்சியின் நிழலில் மட்டுமே வாழ்ந்த கிளப் என்றால் அந்த வருடம் ஆடியே இருக்காது.

உரும்பிராய்

நீங்கள் சொன்னதில் 1977ஐயும் 1982ஐயும் நான் ஏற்கிறன். கோப்பைகளைக் களவெடுத்தது மன்னிக்க ஏலாத வேலை. வீரர்கள் வேர்த்து வென்றது அது, அமைச்சர்கள் வென்றதில்லை. ஆனால் 2009க்குப் பிறகான பட்டங்களைப் பற்றி என் கேள்வி அப்படியே இருக்கு. விலகாமல் நின்றதற்காக அபஹானியை மதிக்கிறன். அதற்காக அந்த வருசங்களில் யார் கை ஓங்கியிருந்தது என்பதை மறக்க மாட்டன்.

மரீனா ஸ்டாண்ட்

ரஃபேல் அகஸ்டோ டாக்காவில் இருந்தார் என்பதே எனக்குச் சந்தோஷம். பெங்களூருவுக்கு எதிரான அந்த இறுதி ஆட்டத்தின் மூன்றாவது கோல் இன்னும் கண்ணில் இருக்கிறது.

கிங்ஸ் விஷயத்தில் நான் பின்வாங்க மாட்டேன். ஆனால் ஏஎஃப்சி பிரிவுச் சுற்றைப் பற்றி நொய்யல் அண்ணா சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு கேள்வி மட்டும். இவ்வளவு பெரிய போட்டி, ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றால் எதைப் பார்ப்பது?

லேக் மார்க்கெட்

2023 மே 30, குமில்லா. ஃபெடரேஷன் கோப்பை இறுதி, அபஹானி - மொஹமடன். வீட்டில் கைப்பேசியில் பார்த்தேன். இடைவேளையில் அபஹானி 2-0. இரண்டில் ஒன்றை அடித்தவர், மரீனா தம்பி சொன்ன அதே கோலிந்த்ரேஸ், அதற்குள் அபஹானிக்கு மாறியிருந்தார். எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. இரண்டாம் பாதியில் மாலி நாட்டு சுலேமான் தியாபாத்தே நாலு நிமிட இடைவெளியில் இரண்டு கோல். 2-2. அபஹானி மறுபடி 3-2. தியாபாத்தே மறுபடி, 3-3. கூடுதல் நேரத்தில் பெனால்டி, அதுவும் தியாபாத்தே, 4-3. நான்கும் ஒரே ஆள்! முடியப் போகிறது என்று நினைத்தால் அபஹானி 4-4 ஆக்கியது. அதற்குள் எங்கள் கோல்கீப்பர் காயம்பட்டு வெளியே போக, மாற்று கோல்கீப்பர் உள்ளே வந்திருந்தார். ஷூட்அவுட்டில் அவர் தடுத்தார். 4-2.

பதினான்கு வருடத்துக்குப் பிறகு ஒரு ஃபெடரேஷன் கோப்பை. சூதாட்டச் செய்தியில் தலை குனிந்தவர்கள் நாலு வருடம் கழித்துத் தெருவுக்கு வந்து ஆடினார்கள். 2025 லீக் பட்டத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது.

நொய்யல்

அந்த ஆட்டத்தைப் பற்றி நான் பேச மாட்டேன் ஐயா. ஃபெடரேஷன் கோப்பையில் அதற்குப் பிறகும் எங்களுக்கு 12, உங்களுக்கு 11 என்று மட்டும் எழுதிவிட்டுப் போகிறேன்.

ஆனால் 1987ஐப் பற்றி உங்களிடமே கேட்க நினைத்தேன். அந்த வருடம் லீக்கில் இரண்டு அணியும் சமமாக முடித்து, பட்டத்துக்கான ஆட்டமும் சமநிலையில் நின்றபோது, இரண்டு அணி வீரர்களும் சேர்ந்து நாங்கள் இருவருமே சாம்பியன் என்று அறிவித்துவிட்டார்களே, அந்தக் கதை.

லேக் மார்க்கெட்

ஆமாம். அன்று மைதானத்தில் அவர்கள் ஒன்றாக நின்றார்கள். கால்பந்து சம்மேளனம் ஏற்கவில்லை, தண்டனை கொடுத்தது. மறுபடி ஆட வைத்தார்கள், ராணுவ மைதானத்தில், ஒரு ரசிகர்கூட இல்லாமல். பல்லாயிரம் பேர் கத்தும் ஆட்டம், வெறும் சுவர்களுக்கு நடுவே. மொஹமடன் வென்றது. அது அந்த 19இல் ஒன்று.

நொய்யல்

ஆடியவர்களே பகிர்ந்துகொண்ட பட்டம் அது. அதைப் பாதிப் பாதியாகப் பிரித்தால் 19.5, 17.5.

லேக் மார்க்கெட்

உங்கள் தடுப்பாட்டக்காரர் மோனேம் முன்னாவுக்காக வேண்டுமானால் அபஹானிக்கு அரைப் பட்டம் கொடுக்கலாம். 1991இல் அபஹானி அவருக்கு 20 லட்சம் டக்கா கொடுத்ததாக ஊரே பேசியது. அதே வருடம் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆட கல்கத்தா வந்தார். பந்து அவர் காலுக்கு வந்தால் மைதானமே மூச்சு விட்டுக்கொள்ளும், அப்படி ஒரு நிதானம். அப்பாவோடு போய்ப் பார்த்தேன். 1995இல் மியான்மரில் வங்கதேசம் முதல் சர்வதேசக் கோப்பையை வென்றபோது அவர்தான் கேப்டன். 2005இல், நாற்பது வயதுகூட ஆகாமல், சிறுநீரக நோயில் போய்விட்டார். அந்தச் செய்தி வந்த அன்று மொஹமடன்காரன், அபஹானிக்காரன் என்று யாரும் பார்க்கவில்லை.

அடுத்த அபஹானி - மொஹமடன் ஆட்டத்துக்கு டாக்கா வருகிறேன் தம்பி. தன்மண்டியில் அந்த எட்டாம் எண் சாலைப் பாலத்துக்கு முன்னா பெயர் வைத்திருக்கிறார்களாமே, முதலில் அங்கே கூட்டிப் போங்கள். மைதானத்தில் நான் கறுப்பு வெள்ளைப் பக்கம்தான் உட்காருவேன். எண் 20தான்.

நொய்யல்

வாருங்கள் ஐயா. பாலத்துக்கு நான் கூட்டிப் போகிறேன். பக்கத்து மேசைக்காரரும் வருவார், அவர் முன்னாவைச் சின்ன வயதில் பார்த்தவர். 13க்கு 17.